ஆறாம் வகுப்பு கூடிப் படித்த வரி

எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்த ஆண்டு என் வலது கை ஒரு நிலையில் இல்லை. சமையல் மேடையின் மேல், ஸ்டாஃப் ரூம் மேசையின் மேல், கண்ட இடத்தில் எல்லாம் ஒரு விரலால் இழுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். இடமிருந்து வலம் இழுத்தால் ஒன்று, மேலிருந்து கீழே இழுத்தால் வேறொன்று என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் காலையில் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும்போது என் கணவரின் முதுகிலேயே இழுத்துவிட்டேன்.

“என்ன, பூச்சியா?” என்றார், திரும்பாமல்.

“ஒண்ணுமில்லங்க.”

நாங்கள் இருவரும் ஸ்ரீரங்கத்தில் ஒரே பள்ளியில் ஆசிரியர்கள். நான் தமிழ், அவர் கணக்கு. எடமலைப்பட்டி புதூரில் வீடு. காலையில் ஒரே வண்டியில் கிளம்பி ஜங்ஷன், சத்திரம், காவிரிப் பாலம் என்று போய்ச் சேர்வோம். என் ஆறாம் வகுப்பும் அவருடைய ஏழாம் வகுப்பும் பக்கத்துப் பக்கத்து அறைகள். நடுவில் சுவர் கிடையாது, மரத்தட்டிதான். அவர் பின்னங்களைக் கூட்டுவது என் வகுப்பில் கேட்கும். என் பிள்ளைகள் செய்யுள் சொல்வது அவர் வகுப்பில் கேட்கும். இத்தனை வருஷத்தில் இருவருக்கும் அது பழகிப்போயிருந்தது.

பழகாதது அந்தப் போர்டுதான். சாக்பீஸ் கையில் இருந்தால் எனக்கு ஒரு நிதானம் வரும். எழுத எழுத அடுத்த வாக்கியம் தானாக வந்து நிற்கும். இந்தக் கண்ணாடிப் பலகை முன்னால் நின்றால் கையை எங்கே வைப்பது என்றே தெரியாது. கை தவறிப் பட்டால் படம் பெரிதாகிவிடும், எடுத்தால் காணாமல் போய்விடும். பின்னால் பிள்ளைகள் “டீச்சர், அந்தப் பக்கம், அந்தப் பக்கம்” என்று கத்துவார்கள். நெற்றியில் வேர்க்கும். என் கணவர் அந்த வம்புக்கே போகவில்லை. தன் வகுப்பில் இருந்த போர்டின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு, பக்கத்தில் இருந்த பழைய கரும்பலகையிலேயே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அப்படி விட மனம் வரவில்லை. தெரியாத ஒன்று தினமும் கண் முன்னால் நிற்பது என்னைத் தூங்கவும் விடவில்லை, சாப்பிடவும் விடவில்லை.

கடைசியில் மகளைப் பிடித்தேன். ஒரே மகள். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ காலில் சொல்லிக் கொடுப்பாள். போனில் இருக்கும் படத்தை அப்படியே போர்டில் காட்டலாம் என்று எனக்குச் சொன்னதே அவள்தான்.

“மேல இருந்து கீழ இழும்மா. மெதுவா. ஏன் இப்படி அவசரப்படுற?”

“அவசரம் இல்லடி. விரலு நிக்க மாட்டேங்குது.”

“அது கடிக்காதும்மா, தொடு.”

அந்த நாட்களில் அவள் முகம் வாடியிருந்ததைப் பார்த்தேன். கேட்டால், “தூக்கமில்லம்மா, அவ்ளோதான்” என்பாள். கேள்வியை மடக்கி மறுபடியும் போர்டுக்கே கொண்டு வந்துவிடுவாள்.

படத்தைக் காட்டக் கற்றுக்கொண்டதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. ரகர றகரத்திலும் லகர ளகர ழகரத்திலும் பிள்ளைகள் தடுமாறுவார்கள். வீட்டிலிருந்து பள்ளி வரைக்கும் வழியெல்லாம் கடைப் பலகைகள், அவற்றில் எத்தனையோ பிழைகள். வண்டியை நிறுத்தச் சொல்லி அவற்றைப் போனில் படம் எடுக்க ஆரம்பித்தேன். என் கணவர் சலித்துக்கொண்டே நிறுத்துவார். ‘கோளி பிரியாணி’, ‘வாழைப்பலம்’, ‘வீடு வாடகைக்கு விடபடும்’. ஒரு மில் வாசலில் ‘இங்கு மாவு அறைத்துத் தரப்படும்’ என்று எழுதியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை இரண்டாம் பீரியடில் அவற்றை வகுப்பில் காட்டினேன். என் வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. பலகையில் எது வந்தாலும் எல்லோரும் கூடிச் சத்தமாகப் படிக்க வேண்டும், பிறகு பிழையைச் சொல்ல வேண்டும். அன்று வகுப்பு களைகட்டிவிட்டது. ‘மாவு அறைத்து’ வந்தபோது ஒருத்தி எழுந்து, “டீச்சர், மாவைக் கன்னத்துல அறைவாங்களா?” என்று கேட்டாள். சிரிப்பு அடங்கவே இல்லை. பல மாதங்களில் முதல் தடவையாகப் போர்டின் முன்னால் நிற்பது எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த படத்துக்கு இழுத்தேன். அந்த நேரத்தில் மேலிருந்து ஒரு பட்டை இறங்கியது. அதில் என் மகளின் செய்தி.

எனக்கு எழுதும்போது தமிழ் எழுத்தில்தான் எழுத வேண்டும் என்பது வீட்டில் நான் போட்டிருந்த சட்டம். அவள் அதை மீறியதே இல்லை. ஆறாம் வகுப்பு மொத்தமும் அதே ராகத்தில் கூடிப் படித்தது.

“அம்மா, வேலைய விட்டுடேன்.”

நான் அதை மேலே தள்ளியிருக்க வேண்டும். பதற்றத்தில் அதன் மேலேயே தொட்டுவிட்டேன். எங்கள் இருவரின் செய்திப் பக்கம் போர்டு முழுக்கத் திறந்துகொண்டது. கண்ணுக்குச் சிரமம் என்று போனில் எழுத்தை வேறு பெரிதாக வைத்திருந்தேன். ஒவ்வொரு எழுத்தும் ஒரு பூசணிக்காய் அளவு தெரிந்தது. நான் எதை எதையோ தொட, அங்கே அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். அடுத்த வரி வந்தது.

“நாளைக்கு வரேன்.”

பிள்ளைகள் படித்தார்கள். அதற்கடுத்த வரியும் வந்தது.

“அப்பாட்ட இப்ப சொல்லாத.”

அதையும் படித்தார்கள். ஓங்கி, தெளிவாக, நான் பழக்கியபடியே. முதல் பெஞ்சிலிருந்து ஒருத்தி கையைத் தூக்கினாள். “டீச்சர், முதல் வரியில ஒரு ‘ட்’ குறையுது. விட்டுட்டேன்னு வரணும்.”

நான் சுவரோரம் ஓடிச் சுவிட்சை அணைத்தேன். போர்டு இருண்டது. அப்போதுதான் தட்டிக்கு அந்தப் பக்கம் குரல் நின்றுபோயிருந்ததைக் கவனித்தேன். ஏழாம் வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து என் கணவரின் குரல் மறுபடியும் கேட்டது. “அப்ப கீழ் எண் என்ன வரும்?” என்றார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

மீதிப் பாடத்தை எப்படி நடத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. இடைவேளையில் ஸ்டாஃப் ரூமில் அவர் டீ குடித்துக்கொண்டு, முக்கொம்பு அணையில் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று பி.டி. சாரிடம் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. தலைமையாசிரியை என்னைக் கடந்து போகும்போது, “உங்க பிள்ளைங்க நல்லா சத்தமா படிக்கிறாங்க டீச்சர்” என்றார். அந்த அம்மா என்னத்தைக் கேட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மதியம் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று மகளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ‘வா, பேசிக்கலாம்’ என்று மட்டும் எழுதி அனுப்பினேன். வகுப்பில் நடந்ததை எழுதக் கை வரவில்லை. மதியம் முழுக்க மணி அடிக்கும்போதெல்லாம் தட்டிப் பக்கம் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தது. கேட்டால் என்ன சொல்வது என்றும் பயமாக இருந்தது.

மாலையில் வண்டியில் ஏறினோம். வழக்கமாகப் பாலம் ஏறும்வரை யாரைப் பற்றியாவது குறை சொல்லிக்கொண்டு வருவார். அன்று பேச்சே இல்லை. மாம்பழச்சாலையில் திடீரென்று வண்டியை ஓரம் கட்டி, ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினார். இரண்டு டீ சொன்னார். கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி கேட்டார்.

“வீட்ல மாவு இருக்கா?”

“இருக்கு.”

“அவளுக்கும் சேத்து இருக்கா?”

 தலையை ஆட்டினேன்.

“வேலைய விட்டது இருக்கட்டும். ஊர்ல எல்லாரும் விடுறாங்க, வேற சேர்றாங்க. எங்கிட்ட ஏன் சொல்லக் கூடாது? நான் என்ன பண்ணிடுவேன்? அடிப்பேனா? என்னைக்காவது கை நீட்டியிருக்கேனா?”

“இல்ல.”

“திட்டியாவது இருக்கேனா?”

“திட்டினாத்தான் பரவாயில்லையேங்க. நீங்க பேசாம இருந்துடுவீங்க. பன்னெண்டாவதுல மார்க் குறைஞ்சப்போ எத்தனை நாள் அவகிட்ட பேசல? அவ சாப்பிடும்போது எந்திரிச்சுப் போயிடுவீங்க. அதுக்குத்தான் பயப்படுறா.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. டீயைக் குடித்தார். பஸ் ஒன்று எங்களை ஒட்டிப் புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

“பாருங்க, இப்பக்கூட” என்றேன்.

“யோசிக்கிறேன்மா” என்றார். “பேசாம இருந்தா கோபம்னு அர்த்தமா? எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியாது. அதனால இருந்துடுவேன். அது அவளுக்கு அப்படித் தெரியும்னு...” முடிக்காமல் காலி கிளாஸை வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

மறுநாள் அவள் பஸ்ஸில் வருவதாக எனக்கு எழுதியிருந்தாள். நான் போய் அழைத்து வரலாம் என்று செருப்பைத் தேடுவதற்குள் அவர் வண்டியை வெளியே எடுத்துவிட்டார். “எந்த பஸ்ஸுன்னு தெரியாதுங்க, சீக்கிரமா போய் என்ன பண்ணப்போறீங்க?” என்றேன். “நிக்கிறேன்” என்றார்.

இருவரும் வந்து சேர்ந்தபோது வாசலிலேயே அவருடைய குரல் கேட்டது. நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டுவிட்டு மூடாமல் போனது, உப்பிலியபுரத்தில் அவருடைய நண்பர் எலுமிச்சை வைத்திருப்பது, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தும் விடவில்லை. இடையில் மூச்சு வாங்கும் இடத்தில் எல்லாம் பதறிப்போய் வேறொன்றைத் தொடங்கினார். மகள் தோசையைப் பிய்த்தபடி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். சமையலறைக்கு வந்து என் கையைப் பிடித்தாள்.

“அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு? சொல்லிட்டியா?”

“நான் சொல்லலடி.”

“பின்ன யாரு?”

“ஆறாங் கிளாஸ்.”

நடந்ததைச் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிங்க்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தாள். ‘ட்’ குறைந்த கதையைச் சொன்னதும் சிரிப்பு உடைந்து அழுகையாகிவிட்டது. “அங்க இருக்க முடியலம்மா” என்றாள். “காலைல எந்திரிக்கும்போதே கையெல்லாம் நடுங்குது.” அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கூடத்திலிருந்து அவர், “இன்னொரு தோசை வேணுமா, கேளு அவள” என்று குரல் கொடுத்தார். அழுகிற சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். எழுந்து போகவில்லை, அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்தபோது வழக்கமான இரைச்சல் இல்லை. எல்லோரும் எழுந்து வணக்கம் சொன்னார்கள். உட்காரவில்லை.

“டீச்சர், அக்கா வந்துட்டாங்களா?”

“வந்துட்டா. உட்காருங்க.”

முதல் பெஞ்ச்காரி மட்டும் உட்காராமல் தட்டியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“நாங்க சார்கிட்ட சொல்லல டீச்சர். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்துல சார் வராண்டாவுல நிறுத்திக் கேட்டாரு, காலைல என்ன அவ்ளோ சத்தமாப் படிச்சீங்கன்னு. பாடந்தான் படிச்சோம்னு சொல்லிட்டோம். யாருமே சொல்லல.”

மற்ற பிள்ளைகள் தலையை ஆட்டினார்கள். அவர் அப்படிக் கேட்டது எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லவும் இல்லை. காதில் விழுந்தது தப்பாக இருக்கக்கூடாதா என்று ஒருவேளை அவர் அவர்களிடம் போய் நின்றிருக்கலாம். அவர்களும் அவருக்கு எதிரில் நின்று, சின்ன முகங்களை இறுக்கிக்கொண்டு, எனக்காக மறைத்திருக்கிறார்கள். நான் திரும்பிப் போர்டைத் துடைப்பது போல் துடைத்தேன். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

“சாருக்குத் தெரியும்மா. கோபம் இல்ல. இனிமே நீங்க மறைக்க வேண்டாம்” என்றேன்.

வகுப்பு மொத்தமும் ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் கனைத்துக்கொண்டார்.

மகள் மழைக்காலம் முடியும்வரை எங்களுடன் இருந்தாள். நன்றாகத் தூங்கினாள். ஒரு விடுமுறை நாளில் அப்பாவோடு பள்ளிக்கு வந்து, அவருடைய போர்டின் மேல் இருந்த துணியை எடுத்துத் துவைக்கப் போட்டுவிட்டு, வட்டம் வரையச் சொல்லிக் கொடுத்தாள். அவர் இப்போது அதில் வட்டம் மட்டும் வரைகிறார், மற்றது எல்லாம் கரும்பலகையில்தான். வகுப்பு நடக்கும்போது போனில் எந்தச் செய்தியும் மேலே இறங்காமல் நிறுத்தி வைப்பதை எனக்குக் காட்டிக் கொடுத்தாள். பிறகு கோயம்புத்தூரில் ஒரு வேலை கிடைத்துப் போய்விட்டாள். சின்னக் கம்பெனி. பரவாயில்லை என்கிறாள்.

இப்போது போர்டு எனக்குப் பழகிவிட்டது. மற்ற ஆசிரியர்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். ஆனால் போனில் செய்திகளை நிறுத்தி வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கும்போது மனம் ஒரு இடத்தில் நிற்பதில்லை. இந்த நிமிஷம் அவள் ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால்? மணி அடித்ததும் பிள்ளைகள் வெளியே ஓடுவதற்கு முன்னால் போனைத் திறந்து பார்க்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. சில நாள் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் கணவர் எட்டிப் பார்த்து, “ஏதாவது வந்துச்சா?” என்று கேட்கிறார்.