சாவியோடு வந்த கார்

இது நடந்தது. போன ஆடி மாசம், பட்டப்பகலில், கடலூர்–சிதம்பரம் சாலையில். நம்பாதவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். மெக்கானிக் இளவரசுவும் அப்படித்தான் சிரித்தான்.

கடலூரிலேயே தன்னை விட்டால் ஆள் இல்லை என்பது அவன் நினைப்பு. அவன் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். கார்க்காரர்கள் அத்தனை பேரும் முட்டாள்கள், அவர்கள் பேச்சைக் காதில் வாங்குவதே கேவலம். பெரிய மேதை!

சிதம்பரத்திலிருந்து சந்திரலேகா டீச்சர் ஒரு காரை லாரியில் ஏற்றி அனுப்பினார். எழுபத்தெட்டு மாடல், செத்துப்போன அவர் அப்பாவுடையது. சாவி ஸ்டியரிங் பக்கத்திலேயே தொங்கியது. டீச்சர் போனில் வந்தார்.

"சாவி போடுற லாக்கு செட்டையே மாத்திடுங்க சார். தேஞ்சி போச்சி. ஓடுறப்பவே சாவி கையோட வந்துடும், ஸ்டியரிங் பூட்டிக்கும். உயிர் போற விஷயம் சார். எங்கப்பா கூட... அந்தச் சாவி..."

"தெரியும்மா. எனக்கே பாடம் எடுக்கறீங்களா? வைங்க."

வைத்துவிட்டான்.

செட்டு தேடி யார் அலைவது? ஸ்டியரிங் ராடில் இறங்கிப் பூட்டும் இரும்பு பின்னை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"இனிமே இவங்கப்பனே வந்தாலும் பூட்டாது!" என்று சிரித்தான்.

மறுநாள் காலை 11.10. காரை ஒப்படைக்க அவனே ஓட்டிக்கொண்டு கிளம்பினான்.

11.28. குடிகாடு. கெமிக்கல் நாற்றம். கண்ணாடியை ஏற்றினான்.

டிக்...

சாவி கொஞ்சம் வெளியே வந்திருந்தது. "சனியன்" என்று உள்ளே தள்ளினான்.

11.31. டிக்... டிக்...

சாவி ஆடவில்லை. நேராக, நிதானமாக வெளியே வந்தது. யாரோ உருவுவது போல.

வலது கையால் அழுத்திப் பிடித்தான். சுட்டது.

11.33. செம்மங்குப்பம் வளைவு.

சாவி கையோடு வந்துவிட்டது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

டக்.

ஸ்டியரிங் பூட்டிக்கொண்டது.

நேரே புளியமரம்...

பிரேக்...

நின்றது. மரத்துக்கு ஒரு சாண்.

சட்டைப்பையைத் தடவினான். கழற்றிய இரும்பு பின் அங்கேயேதான் இருந்தது.

இடது கையால் டீச்சருக்குப் போன் போட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கார்க்காரரிடம் கேள்வி கேட்டான்.

"உங்கப்பா... எந்த எடத்துலம்மா செத்தாரு...?"

"செம்மங்குப்பம் வளைவுல சார். புளியமரத்துல. அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்கதான் வெச்சிட்டீங்க."

"சாவி?"

"கையில இறுக்கிப் புடிச்சிருந்தாரு. வெரலப் பிரிக்கவே முடியல. அதோடயே எரிச்சிட்டோம். சாவி இல்லாமதான லாரியில அனுப்பினேன்... நீங்க எதப் போட்டு ஓட்டுறீங்க?"

இளவரசு தன் வலது கையைப் பார்த்தான். இறுக மூடியிருந்தது.

விரலைப் பிரிக்கப் பார்த்தான்.

முடியவில்லை.