ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்

பெற்ற மகளைப் பார்க்க நீதிமன்றம் கொடுத்த மூன்று மணி நேரத்தையும் ஒருவர் குறட்டை விட்டே கழித்தார். ஓசூரில் குடும்ப வழக்குகளுக்கு ஆலோசகராக இருந்த வருடங்களில் சண்டை போட்ட அப்பாக்களையும் அழுத அப்பாக்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். தூங்கிய அப்பா இவர் ஒருவர்தான்.

பெயர் செல்வம் என்று வைத்துக்கொள்வோம். தென்காசிப் பக்கத்துக்காரர். ஜூஜுவாடியில் அறை எடுத்துத் தங்கி, ஓர் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்தார். மனைவி கவிதா ராயக்கோட்டையில் தாய்வீட்டில் இருந்துகொண்டு வேறொரு கம்பெனிக்குப் போய்வந்தார். ஆறு வயது மகள் நிலா அம்மாவிடம் இருந்தாள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனிக்கிழமை காலை பத்து முதல் ஒரு மணி வரை, எங்கள் சந்திப்பு அறையில் அப்பா மகளைப் பார்க்கலாம் என்பது உத்தரவு.

செல்வம் ஒருமுறைகூடத் தாமதமாக வந்ததில்லை. துவைத்த சட்டை, கையில் சாக்லேட். பத்து நிமிடம் பேசுவார். பிறகு தலை மெல்லச் சுவரில் சாயும். நிலா தனியாகப் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பாள். ஜன்னல் வழியாக இதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போன கவிதா, இந்தச் சந்திப்பே வேண்டாம், நிறுத்துங்கள் என்று மனு போட்டுவிட்டார். நீதிபதி என்னிடம் அறிக்கை கேட்டார்.

என் அறிக்கைகளைப் பற்றி எனக்கு அப்போது கொஞ்சம் கர்வம் உண்டு. 'தந்தையிடம் ஈடுபாடு குறைவு' என்று அழகாக எழுதினேன். அதோடு விட்டேனா? குடிப்பழக்கம் உண்டா என விசாரிக்கலாம் என்றும் ஒரு வரி சேர்த்தேன். அதைக் கொடுத்திருந்தால் செல்வத்துக்கு மகள் இல்லை. கொடுப்பதற்கு முன் இருவரையும் கூப்பிட்டுப் பேசுவது எங்கள் வழக்கம். அந்த வழக்கம்தான் என் மானத்தைக் காப்பாற்றியது.

"நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு நேரா வாரேன் மேடம். உக்காந்தா கண்ணு சொருகிருது" என்றார் செல்வம்.

இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். இரவு வேலைக்காரனுக்குப் பிள்ளை எதற்கு என்று எழுதிவிடுவார்களோ எனப் பயந்தாராம். அவர் பயந்ததைவிட மோசமாக ஏற்கெனவே எழுதி வைத்திருந்தவள் நான். அறிக்கை இருந்த ஃபைலை மெதுவாக மூடிக்கொண்டேன்.

செல்வம் இந்தக் கம்பெனியில் சேர்ந்தது பிரிந்த பிறகு. அதனால் கவிதாவுக்கும் இது புதுச் செய்தி. எந்த வாரம் நைட், எந்த வாரம் டே என்று அவரே கணவரிடம் கேட்டு விரல் விட்டு எண்ணினார். கம்பெனியிலும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான் நைட் வருகிறது; டே வாரத்தில் சனிக்கிழமை அவருக்கு விடுமுறை. நீதிமன்றத்தின் வாரமும் கம்பெனியின் நைட் வாரமும் முதல் நாளிலிருந்தே ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. சட்டம் படித்த இரண்டு வக்கீல்களும், சமூகப்பணி படித்த நானும் ஆறு மாதமாகப் பார்க்காததை அவர் அரை நிமிடத்தில் பார்த்துவிட்டார்.

"அவரு மேல இருக்கற கோவம் அப்படியேதான் இருக்குது மேடம். ஆனா பாப்பா எதுக்குத் தூங்கறவரப் பாத்துட்டு வரணும்? அடுத்த வாரத்துக்கு மாத்திடுங்க" என்றார் கவிதா.

இருவரும் சேர்ந்து மனுக் கொடுத்தார்கள். இதற்கா இத்தனை மாதம் என்பதுபோல நீதிபதி என்னை ஒரு பார்வை பார்த்தார். அன்று முதல், என் முன்னால் யார் வந்து உட்கார்ந்தாலும் இந்த வாரம் என்ன ஷிஃப்ட் என்றுதான் முதலில் கேட்டேன். சண்டைக்கான காரணத்தை அதற்குப் பிறகு கேட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

மாற்றிய பிறகு வந்த முதல் சனிக்கிழமை, நிலா வீட்டிலிருந்து ஒரு சின்னத் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். வேண்டாமென்று சொல்லியும் கேட்கவில்லை என்று கவிதா கூச்சப்பட்டார். பெஞ்சில் தலையணையை வைத்து, "படுத்துக்கோப்பா" என்றாள் நிலா. இரவு முழுக்கத் தூங்கி எழுந்து வந்திருந்த செல்வம் அதை எடுத்து முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நிலா அலுப்போடு என் பக்கம் திரும்பினாள்.

"பாருங்க மேடம், இன்னிக்கும் தூங்கறாரு."

"இல்லம்மா," என்று தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது. "முழிச்சுதான் இருக்கேன்."