சூப்பு மருந்தில்லை

ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்த கையை நர்ஸ் பிடித்துக்கொண்டாள். பிடி இறுக்கமாக இல்லை. ஆனால் விடவும் இல்லை.

"ஒரு நிமிஷம்மா. இதுல என்ன போட்டிருக்கீங்க?"

"சூப்பு," என்றாள் சுக்-யீ.

கட்டிலில் அவள் கணவர் மாக் விங்-ஹோ கிண்ணத்தை ஏந்தியபடி காத்திருந்தார். மூக்கின் இரு துவாரங்களிலும் பஞ்சு அடைத்திருந்ததால் அவருக்கு வாசனை தெரியவில்லை. வாசனையைப் பிடித்தது பக்கத்துக் கட்டில் கிழவர் லோ.

"டான்சாம் வேரு. கூட செம்பேரீச்சை," என்று அவர்தான் சற்றுமுன் உரக்கச் சொல்லியிருந்தார். "எனக்கு உப்பில்லாக் கஞ்சி. இவருக்குப் பாருங்க, தினமும் மாப்பிள்ளை விருந்து."

விளையாட்டாகத்தான் சொன்னார். கட்டிலைத் தாண்டிப் போயிருந்த நர்ஸ் யிப் அதைக் கேட்டுத் திரும்பி வந்தாள்.

மாக்குக்கு இதயத்தில் ஒரு வால்வை மாற்றியிருந்தார்கள். உலோக வால்வில் இரத்தம் கட்டாமல் இருக்க ஒரு மாத்திரை, ஆயுள் முழுக்க. ஒரு வருஷம் சிக்கலில்லாமல் போயிற்று. இலையுதிர்காலம் முடிந்ததிலிருந்து இரத்தம் தேவைக்கு மேல் நீர்த்துக்கொண்டே வந்தது. பல் துலக்கினால் ஈறு கசிந்தது. மேசை முனையில் லேசாக இடித்தாலும் கையில் கருநீலத் திட்டு விழுந்தது. கிளினிக்கில் மாத்திரையைக் குறைத்தார்கள், பிறகு மேலும் குறைத்தார்கள். போன வாரம் சோறு தின்றுகொண்டிருந்தபோது மூக்கிலிருந்து இரத்தம் ஒழுக ஆரம்பித்தது, நிற்கவில்லை. ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள்.

வார்டில் மாத்திரையை முழுக்க நிறுத்தியும் இரத்தம் வழிக்கு வரவில்லை. அன்று காலை மருத்துவர் சுக்-யீயைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் பேசினார். தலைக்குள் கசிந்தால் தங்களால் அதிகம் செய்ய முடியாது என்றார். கல்லீரலில் ஏதாவது இருக்கலாம், நாளை கழுத்து நரம்பு வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். சீன மருந்து ஏதும் கொடுக்கிறீர்களா என்று மறுபடியும் கேட்டார். இல்லை என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. மருந்து என்பது வைத்தியர் நாடி பார்த்து எழுதித் தருவது, மண்சட்டியில் கறுப்பாகச் சுண்டுவது, குடித்ததும் கசப்புப் போக வாய்க்கு ஒரு உலர்ந்த பிளம் தேவைப்படுவது. சூப்பு அப்படியில்லை. மளிகைக்காரனிடம் வேரும் பேரீச்சையும் வாங்கி, மெலிந்த பன்றி இறைச்சியோடு மூன்று மணி நேரம் கொதிக்க விடுவது. வீட்டில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்றால் அடுப்பில் சூப்பு இருக்கும்.

சுக்-யீ பதினான்கு வயதில் பிளாஸ்டிக் பூ செய்யும் தொழிற்சாலைக்குப் போனவள். பிறகு சான் போ கோங் தொழிற்பேட்டையில் காற்சட்டைக்கு ஜிப் தைத்தாள். கூலி குறைவென்று தொழிற்சாலை எல்லை தாண்டிச் சீனப் பெருநிலத்துக்குப் போனதும் ஒரு டீ ரெஸ்டாரன்டில் டிம்சம் பலகாரத் தட்டு வண்டி தள்ள வந்தாள். இன்னும் தள்ளுகிறாள். மாக் மினிபஸ் ஓட்டினார். குழந்தை இல்லை. இருவரும் அதிகம் பேசிக்கொள்கிறவர்கள் அல்ல. மாக் ஓய்வு பெறும்வரை தினமும் மாலையில் அவருக்கு போன் செய்து, "சூப்பு குடிக்க வருவீங்களா?" என்று கேட்பாள். "வர்றேன்" என்பார். சண்டை நடந்த நாட்களிலும் அந்த போன் தவறியதில்லை.

டான்சாம் இதயத்துக்கு நல்லது என்று அவளுக்குச் சொன்னது ரெஸ்டாரன்டில் கிண்ணம் கழுவுகிறவள். படியேறும்போது மாக் நடுவில் நின்று மூச்சு வாங்குவதைப் பார்த்திருந்ததால், அன்றே வாங்கி வந்தாள். திட்டுகள் விழுந்தபோது அவருக்கு இரத்தம் பலமிழந்துவிட்டது என்று நினைத்து வேரைக் கூட்டினாள். மருத்துவர் பேசியதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனவள் இன்னும் கூட்டினாள். அதுதான் இப்போது ஃபிளாஸ்க்கில் இருந்தது.

"எவ்வளவு நாளா இந்த வேரு போடறீங்க?" என்றாள் நர்ஸ்.

சுக்-யீ வாய் திறப்பதற்குள் மாக் சொன்னார், "நான்தான் கேட்டேன். அவ மேல தப்பில்ல."

கல்யாணமான நாள் முதல் அவர் சூப்பு கேட்டதேயில்லை. வைத்ததைக் குடிப்பார். சுக்-யீ அவரைப் பார்த்தாள்.

"அவர் கேக்கல," என்றாள். "நானாத்தான் வெச்சேன். குளிர் ஆரம்பிச்சதுலேர்ந்து."

"இங்க வந்தப்புறமுமா?"

"இங்கயும்தான்."

"டாக்டர் அத்தனை தடவ கேட்டாரேம்மா."

"மருந்தான்னு கேட்டாரு. சூப்பு வெக்கிறியான்னு யாரும் கேக்கலியே."

நர்ஸ் அவளைத் திட்டவில்லை. இந்த வேர் அந்த மாத்திரையின் வேகத்தை ஏற்றிவிடும், மாத்திரையை நிறுத்தினாலும் வேர் அதை உடம்பில் பிடித்துவைக்கும் என்று மெதுவாக விளக்கினாள். பிறகு மாக்கின் பக்கம் திரும்பினாள். "கிளினிக்ல இதச் சொல்லியிருப்பாங்களே மாமா, டான்சாம் கூடாதுன்னு?"

மாக் காலிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னாங்க."

"அப்புறம்?"

"மூணு மணி நேரம் காய்ச்சி எடுத்து வெச்சுட்டு எதிர்ல உக்காந்திருப்பா," என்றார். "எப்படி வேணாம்ங்கிறது?"

லோ போர்வையை இழுத்துக்கொண்டு மறுபுறம் திரும்பிப் படுத்தார். சுக்-யீ ஃபிளாஸ்க்கின் மூடியை மறுபடி இறுக்கி மூடிப் பைக்குள் வைத்தாள். நர்ஸ் மருத்துவரைக் கூப்பிடப் போனாள்.

மறுநாள் காலை இரத்தம் எடுத்தார்கள். பெரிய மாற்றமில்லை, வேரின் வேகம் இறங்கச் சில நாட்கள் ஆகும் என்றார் மருத்துவர். குழாய் விட்டுப் பார்ப்பதை நிறுத்திவைத்தார். சுக்-யீ வீட்டில் மிச்சமிருந்த வேரைக் குப்பையில் போட்டாள். மக்காச்சோளம், கேரட், பன்றி எலும்பு போட்டு ஒரு சூப்பு வைத்து மதியம் கொண்டுவந்தாள். நர்ஸ் யிப் மூடியைத் திறந்து கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். மாக் குடித்தார். சப்பென்று இருப்பதாகச் சொன்னார். மிச்சத்தை லோ குடித்தார். மாலை ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதால் சுக்-யீ ஃபிளாஸ்க்கை வார்டு குழாயிலேயே கழுவிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.