ஜிப் அக்காவுக்காக வாதாடியவர்கள்

பேருந்து நிலைய வாசலில், என் ஜெராக்ஸ் கடைப் படியை ஒட்டி உட்கார்ந்து பைகளுக்கு ஜிப் சரிசெய்து கொடுப்பவளை எல்லாரும் ஜிப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு முக்காலி, ஒரு குறடு, ஜிப்பில் தேய்க்க ஒரு மெழுகுவர்த்தித் துண்டு, ஜிப்பை இழுத்து மூடும் ரன்னர்கள் நிறைந்த பிஸ்கட் டப்பா. கடை அவ்வளவுதான். இந்த ஊருக்கு வந்திறங்கிய அன்று அவள் பையே வாயைப் பிளந்துகொண்டதாம். அங்கேயே உட்கார்ந்து கொண்டை ஊசியால் அதைச் சரிசெய்திருக்கிறாள். பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் தன் பையையும் நீட்டினார். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. புருஷன் லாரி ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்ற, மகளை நர்ஸ் படிப்புவரை கொண்டுவந்தது அந்த முக்காலிதான்.

அவள் பிழைப்பே அடுத்தவர் அவசரத்தில்தான் இருக்கிறது. பஸ் கிளம்புவதற்குள் பை மூடியாக வேண்டும். நாலு தெரு தள்ளி உட்கார்ந்தால் ஒரு பயல் எட்டிப் பார்க்க மாட்டான்.

சாயங்காலமானால் அவள் தலைக்கு மேலே ஒரு சண்டை நடக்கும். ஒரு பக்கம் நான். யார் தயவும் இல்லாமல் சொந்தக் கையால் கடை வைத்தவன். அரசாங்கம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இன்னொரு பக்கம் அக்காவின் கூடப்பிறந்த அண்ணன், ஓய்வுபெற்ற அரசு குமாஸ்தா. நான் அவருக்கு வைத்த பெயர் பென்ஷன்.

“ஆஸ்பத்திரி, ரோடு, பள்ளிக்கூடம் எல்லாம் யாருப்பா குடுத்தது? வானத்துல இருந்தா குதிச்சுது?” என்பார் அவர்.

“என் பாக்கெட்டுல இருந்து எடுத்துத்தானே சார் குடுத்தாங்க? எங்கிட்டயே விட்டிருந்தா நானே பாத்துக்க மாட்டேனா?”

“நீ ரோடு போட்டா அது உன் கடை வாசலோட நின்னுடும்.”

யார் சொல்வது சரி என்று அக்காவிடம் கேட்போம். “ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க” என்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நகராட்சி ஓர் அறிவிப்பு ஒட்டியது. நடைபாதையில் தொழில் செய்கிற எல்லாரும் நாலு தெரு தள்ளி, பழைய கிடங்குக்குப் பின்னால் கட்டியிருக்கும் புதுக் கட்டடத்துக்குப் போய்விட வேண்டும். ஆளுக்கொரு கடை இலவசம். மின்விசிறி உண்டு, கழிப்பறை உண்டு. போகாதவர்களின் சாமான்கள் வண்டியில் ஏற்றப்படும்.

பென்ஷனுக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தியா? நல்ல கூரை, தலைக்கு மேல ஃபேன். இதத்தானே இத்தன வருஷமா சொல்றேன்.”

“கூண்டுலகூடத்தான் கிளிக்குப் பழம் வைக்கிறாங்க” என்றேன் நான். “சும்மா குடுக்கிறவன் நீ எங்க உக்காரணும்னும் அவனே சொல்லுவான்.”

“அங்க பஸ் வருமா?” என்று அக்கா கேட்டாள். நாங்கள் இரண்டு பேருமே அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சண்டை அவ்வளவு சூடாக இருந்தது.

ஆட்சேபம் இருப்பவர்கள் நகராட்சி அலுவலகத்துக்கு நேரில் வந்து சொல்லலாம், துணைக்கு ஆள் கூட்டி வரலாம் என்றார்கள். “நீதான் தம்பி எனக்காகப் பேசணும்” என்றாள் அக்கா. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடையை மூடிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். போனால், அங்கே இஸ்திரி போட்ட சட்டையில் பென்ஷன் உட்கார்ந்திருக்கிறார்.

“இவரையும் கூப்பிட்டியாக்கா?”

“கூடப்பொறந்தவராச்சே. விட்டுட்டு வர முடியுமா?”

அதிகாரி களைத்துப்போன மனிதர். ஒரே கேள்விதான் கேட்டார். “புதுக் கடை வேணுமா, வேண்டாமா?”

“வேணும்” என்று பென்ஷன் எழுந்தார். “குடுக்கிறது உங்க கடமை. வாங்கிக்கிறது எங்க உரிமை.”

“வேண்டாம்” என்று நானும் எழுந்தேன். “அக்கா எங்க உக்காரணும்னு சொல்ல நீங்க யாரு?”

அப்புறம் அதிகாரியை மறந்துவிட்டோம். வரி, சுதந்திரம், மானியம், மக்கள் நலம், நான் போடப்போகும் ரோடு என்று எல்லாவற்றையும் ஒரு கை பார்த்தோம். நடுவில் அதிகாரி அக்காவையே கேட்டுப் பார்த்தார். “ரெண்டு பேரும் பேசி முடிக்கட்டும் சார்” என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாங்கள் முடித்தால்தானே? கடைசியில் அவர், மனுதாரர் தரப்பில் ஒத்த கருத்து இல்லை, மேலிடம் முடிவு செய்யும்வரை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, காகிதத்தை அக்கா கையில் கொடுத்து எங்களை வெளியே அனுப்பினார்.

ஒரு முடிவும் வாங்காமல் காரியத்தைக் கெடுத்துவிட்டோமே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. பென்ஷன் வழியெல்லாம் என் முகத்தையே பார்க்கவில்லை.

அடுத்த வாரம் வண்டி வந்தது. வேண்டும் என்றவர்கள் சிரித்துக்கொண்டு ஏறினார்கள். வேண்டாம் என்றவர்களுக்கும் போ என்றே உத்தரவாகியிருந்ததால் அவர்கள் திட்டிக்கொண்டு ஏறினார்கள். அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூட்டு ரிப்பேர்காரர் இப்போது அங்கே ஃபேனுக்கு அடியில் ஈ ஓட்டுகிறார். அக்கா மட்டும் அந்தக் காகிதத்தைக் காட்டினாள்; வண்டி அவளை விட்டுவிட்டுப் போனது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

“தெரிஞ்சேதான் ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போனியாக்கா?”

“ஒருத்தர மட்டும் கூட்டிட்டுப் போயிருந்தா ஏதாவது ஒரு முடிவு வந்திருக்குமே, தம்பி.”

மேலிடத்தில் அந்த ஃபைல் இன்னும் தூங்குகிறது. ஒரு சாயங்காலம், இது சுதந்திரத்துக்குக் கிடைத்த வெற்றி என்றேன் நான். அரசு நடைமுறை தந்த பாதுகாப்பு என்றார் பென்ஷன். அக்கா மடியிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

“அந்தக் கட்டடத்துல ஒண்ணே ஒண்ணுக்குத்தான் மனசு அடிச்சுக்கிச்சு. கக்கூஸ். காலைல இருந்து இங்க நான் ஒரு வாய் தண்ணி குடிக்கிறதில்ல. ஏன்னு ரெண்டு பேர்ல ஒருத்தராவது கேட்டீங்களா?”

அவள் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே இருந்தது. தினமும் அப்படித்தான் இருக்கும். பென்ஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு அவமானமாக இருந்தது. கடைக்குப் பின்னால் இருக்கும் என் கழிப்பறையின் சாவியை எடுத்து நீட்டினேன்.

அக்கா அதை வாங்கி பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொண்டாள். “சரி, இது எனக்கு. சீப்பு விக்கிறவ, கூட்டிப் பெருக்குறவ, பஸ்ஸுக்கு நிக்கிற பொண்ணுங்க? எல்லாரையும் உன் கடைக்குள்ள விடுவியா?”

நான் திரும்பி என் கடையின் அகலத்தைக் கண்ணாலேயே அளந்தேன்.

“அதே சார்கிட்ட போங்க. வாசல்ல ஒண்ணு கட்டச் சொல்லுங்க. ஆனா இந்தத் தடவ ரெண்டு பேரும் ஒரே பேச்சு பேசணும். மாத்திப் பேசினீங்கன்னா இதுவும் தூங்கிடும்.”

போனோம். எங்களைப் பார்த்ததும் அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டார். பென்ஷன் எழுந்து, இது அரசாங்கத்தின் தலையாய கடமை என்று ஆரம்பித்தார். என் நாக்கு துறுதுறுத்தது. அதிகாரி பெருமூச்சு விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்க. வேணுமா, வேண்டாமா?”

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“வேணும் சார்” என்றேன்.