செம்போத்துக்கு ஒரு கண்

மூன்றாவது வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் கோகிலவாணி பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

"அடுத்த வாரம் ஆளாளுக்கு அவங்கவங்க ஊட்டுலிருந்து குப்பை கொண்டாங்க சாமி. அதுலதான் பொம்மை பண்ணப் போறோம்."

நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஒன்பது வருஷமாக இந்த மலைப் பள்ளியில் டீச்சர் வேலை பார்க்கிறேன். எனக்காவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

கோகிலவாணி சுவரில் விளம்பரம் எழுதுகிறவள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், அதனால் அவள் என்றே எழுதுகிறேன். மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் குடியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை மட்டும் வேலைக்குப் போகாமல், சம்பளம் கிம்பளம் எதுவும் கேட்காமல், மடியில் பெயிண்ட் டப்பாவோடு மலைப் பாதையின் எழுபது வளைவையும் கடந்து மேலே வந்து, வீணாய்ப் போன பொருள்களில் பொம்மை செய்யக் கற்றுக்கொடுப்பாள். அவள் ஊரில் குப்பை என்றால் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போவது. இங்கே மலைமேல் பெரக்கரை நாட்டில் குப்பை என்றால் எரு. மாட்டுச் சாணியும் வீடு கூட்டியதும் ஒரே குழியில் விழுந்து, வருஷம் முழுக்க மக்கி, சாமைக்கும் மரவள்ளிக்கும் போகும்.

அடுத்த வெள்ளிக்கிழமை இருபத்திரண்டு பிள்ளைகளும் வந்தார்கள். அன்னக்கூடையிலும் சிமெண்டுச் சாக்கிலும் இருபத்திரண்டு சுமை எருவும் வந்தது. மக்கிய எருவுக்கு அவ்வளவு நாற்றம் கிடையாது. ஆனால் கோகுல் மட்டும் மக்கியதோடு மாடு அன்றைக்குக் காலையில் போட்டதையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வந்திருந்தான்.

"என்ன கண்ணு இது?" என்றாள் கோகிலவாணி.

"நீங்கதானுங்க கொண்டாரச் சொன்னீங்க" என்றாள் நாலாம் வகுப்பு ஆர்த்தி. "நானு குழியில அடியில இருந்து அள்ளியாந்தேன். அதுதான் நல்ல குப்பைங்க."

"இதில்லடா சாமி. பாட்டலு, கவரு, அந்த மாதிரி."

"அது டூரிஸ்ட்டுக் குப்பைங்க. எங்கூட்டுது இல்லீங்க."

தலைமையாசிரியர் அர்த்தனாரி சார் அந்தச் சமயம் பார்த்து வெளியே வந்தார். புதுசாகப் போட்ட டைல்ஸ் தரை. அதில் தன் செருப்பையே கழற்றிவிட்டு நடக்கிற மனுஷன். வராண்டாவைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன்.

கோகிலவாணி அசரவில்லை. டைல்ஸ் போட்டவர்கள் விட்டுப்போன மணல் சல்லடை ஒன்று பின்னால் கிடந்தது. "எருவுக்குள்ள ஊடு கூட்டுனதும் கெடக்குதுங்களே சார். சலிச்சுப் பாக்கறோம். எரு பள்ளிக்கூடத்துத் தோட்டத்துக்கு, மிச்சம் எங்களுக்கு" என்று சொல்லிக்கொண்டே கூடைகளை வெளியே கடத்திவிட்டாள்.

சலிக்கச் சலிக்க ஒவ்வொரு வீட்டு ரகசியமும் வெளியே வந்தது. உடைந்த வளையல், பேனா மூடி, பல் தேய்ந்த பிரஷ், கவரிங் நகைத் துண்டு, ஒற்றைச் செருப்பு வார். கோகுல் வீட்டு எருவில் டிவி ரிமோட்டின் பின்மூடி கிடைத்தது. அவன் அப்பா ஆறு மாதமாக அந்த ரிமோட்டை ரப்பர் பேண்ட் போட்டுத்தான் அமுக்குகிறாராம். பிள்ளைகள் கத்திய கத்தலில் எனக்கே சல்லடையைப் பிடுங்கி ஆட்ட வேண்டும் போல ஆசை வந்துவிட்டது.

அப்போதுதான் ஆர்த்தியின் அம்மா இருசாயி வந்து சேர்ந்தார். முழங்கை வரை எருவோடு நின்ற மகளைப் பார்த்தார்.

"ஏனுங்க, குப்பை அள்ளறதுக்கா எம்புள்ளைய பள்ளிக்கூடம் அனுப்புனேன்? அதெ நானே ஊட்டுல சொல்லிக் குடுத்திருக்க மாட்டனா?"

நியாயமான கேள்வி. அடுத்த வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேட்காமல் விடப்போவதில்லை என்று சொல்லிவிட்டு மகளை இழுத்துக்கொண்டு போனார். அர்த்தனாரி சார் கோகிலவாணியிடம், "பெத்தவங்க வேண்டாம்னா வேண்டாந்தான். அப்பறம் எங்கிட்ட வராதம்மா" என்றார்.

சாயங்காலம் நாங்கள் இருவரும் கீழே இறங்கிய பஸ்ஸில், இருபது வளைவு வரைக்கும் அவள் மடியிலிருந்த பெயிண்ட் டப்பா மூடியைச் சுரண்டிக்கொண்டே வந்தாள். மற்ற நாளில் கண்டக்டர் விசில்கூட அவள் பேச்சுக்கு நடுவே நுழைய முடியாது.

"ஆறு நாளும் அடுத்தவங்க சொல்றதத்தான் செவுத்துல எழுதறேனுங்க டீச்சர்" என்றாள் கடைசியில். "'இங்கே விளம்பரம் செய்யாதீர்'னு எழுதிக்கூட கூலி வாங்கியிருக்கேன். இந்த ஒரு நாளுதான் எனக்குன்னு இருக்குது. இதும் போச்சுன்னா..."

ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று, "எரு நல்ல எரும்மா" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சலித்ததையெல்லாம் பிள்ளைகள் அந்த வாரம் என் வகுப்பிலேயே அட்டையில் பொம்மைகளாக ஒட்டி முடித்தார்கள். ஆர்த்தி ஒரு செம்போத்துப் பறவை செய்தாள். உடம்புக்குக் கிழிந்த குடைத்துணி, இறக்கைக்குச் செங்கல் நிறச் செருப்பு வார். செம்போத்துக்குக் கண் ரத்தமாகச் சிவந்திருக்குமே, அதற்காகத் தன் வீட்டு எருவில் கிடைத்த ஒரு சிவப்புக் கல்லை வைத்தாள். சுற்றிலும் சாணி பிடித்துக் கறுத்திருந்தது. கண்ணுக்கு மை தீட்டிய மாதிரி இருக்கிறது என்று அதைக் கழுவ விடவில்லை.

கூட்டத்துக்கு முன் எல்லா அட்டைகளையும் சுவரில் மாட்டினோம். கோகிலவாணி கதவோரம் நின்றுகொண்டாள். இருசாயிதான் முதலில் எழுந்தார்.

"சார், எம்புள்ளைய இங்க படிக்கத்தான்..."

சாருக்குப் பின்னால் சுவரில் செம்போத்து இருந்தது. இருசாயி விறுவிறுவென்று போய், முந்தானையை எச்சில் தொட்டு அதன் கண்ணைத் துடைத்தார். கல்லைச் சுற்றித் தங்கம் பளிச்சென்றது.

"எந்தோடுங்க! போன ஆடியில தொலைச்ச தோடுங்க!"

மிளகுக் கொடியடியில் விழுந்திருக்கும் என்று தோட்டம் முழுக்கத் தேடியிருக்கிறார். மாமியார் சொல்லிக்காட்டாத நாள் இல்லையாம். அன்றிலிருந்து காதில் சிவப்பு பிளாஸ்டிக் தோடுதான். கோகிலவாணி கதவோரத்திலிருந்து ஓடி வந்தாள். "கவரிங்குன்னு நெனச்சுட்டனுங்க" என்றாள்.

இருசாயி கொண்டை ஊசியால் தோட்டைப் பெயர்த்தெடுத்தார். அவ்வளவுதான், ஆர்த்தி ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். "செம்போத்துக்குக் கண்ணு போச்சு!"

உள்ளங்கையில் இருந்த தோட்டைப் பார்த்தார் இருசாயி. கண் இல்லாத பறவையைப் பார்த்தார். பிறகு தன் காதிலிருந்த பிளாஸ்டிக் தோடு ஒன்றைக் கழற்றினார்.

"இந்தா கண்ணு, அழுவாத. ஏனுங் டீச்சரு, கொஞ்சம் பசை இருந்தாக் குடுங்க."

அவர் டீச்சர் என்று கூப்பிட்டது என்னை அல்ல, கோகிலவாணியை. அவள் பசை டப்பாவைத் திறக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அம்மாவும் மகளுமாகக் கண்ணை ஒட்டி முடிக்கும் வரை கூட்டமே காத்திருந்தது.

அர்த்தனாரி சார் தொண்டையைக் கனைத்தார். "என்னமோ சொல்ல வந்தீங்களேம்மா. இந்த வகுப்பு வேணுமா, வேண்டாமா?"

இருசாயி தோட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"நடக்கட்டுமுங்க சார். தோட்டுத் திருகு இன்னும் கெடைக்கலீங்களே."

இரண்டு வருஷம் ஆகிறது. வெள்ளிக்கிழமைதோறும் கோகிலவாணி வருகிறாள், சலிப்பும் நடக்கிறது. திருகு இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்துவிடக் கூடாதே என்றுதான் எனக்குக் கவலை.