கல்லுப்பு ஒத்தடம்

ஆய்வகத்தில் எனக்கு இருப்பது ஒரே வேலை, ஒரு ஜெல்லைக் குலையாமல் வைத்திருப்பது. குளிரில் அது தண்ணீராக ஓடும். ஊசி வழியாகத் தோலுக்கு அடியில் போனதும் உடம்புச் சூட்டில் உறைந்து, தனக்குள் இருக்கும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சூடு இன்னும் ஏறினால் சுருங்கி, உடைந்த தயிர் மாதிரி தண்ணீரைக் கக்கிவிடும். மருந்தும் அதோடு மொத்தமாக வெளியே வந்துவிடும். இதைத் தடுக்கத்தான் வருஷக்கணக்காக அதையும் இதையும் கலந்து பார்த்து மாரடித்துக்கொண்டிருந்தேன்.

தருமபுரி பக்கம் இண்டூரில் இருக்கும் என் அண்ணனுக்குச் சர்க்கரை நோய். வெளியூர் மருத்துவமனை ஒன்று இதே வகை ஜெல்லில் சர்க்கரை மருந்தை வைத்துச் சோதனைக்கு ஆள் சேர்த்தது. தினமும் குத்திக்கொள்ளும் தொல்லை விட்டது என்று இவரும் போய் வயிற்றில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் கோபம்தான், அதைவிடப் பயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக அவர் வீட்டுக்குப் போனேன். வெயில் அப்போதே கொளுத்தத் தொடங்கியிருந்தது. உள்ளே நுழைந்ததும் உப்பு வறுத்த வாடை. அண்ணன் கட்டிலில் கிடந்தார். ஃபேன் ஓடியும் பனியன் தொப்பலாக நனைந்திருந்தது.

"வாங்க தம்பி" என்றார் அண்ணி. "ஊசி போட்ட எடம் கல்லாட்டம் வீங்கிப் போயி ஒரே வலிங்க. விடிஞ்சதுல இருந்து ஒத்தடம் குடுக்கறேன். இப்பத்தான் கட்டி கரைஞ்சு, அசந்து தூங்கறாரு."

அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். சிவந்த தோலுக்கு அடியில் பட்டாணி அளவுக்கு ஏதோ சுருண்டு கிடந்தது. என் சோதனைக் குழாயில் நான் எத்தனையோ முறை பார்த்துச் சலித்த சுருக்கம். கூப்பிட்டேன், உலுக்கினேன். அவர் கண் திறக்கவில்லை.

"சூடு வைக்கக் கூடாதுன்னு அங்க சொல்லலையா அண்ணி?"

"தேய்க்கக் கூடாதுன்னுதான் சொன்னாங்க தம்பி. ஒரு வெரல் கூட தேய்க்கலீங்க. பொட்டணத்த ஒத்தி ஒத்தித்தான் எடுத்தேன்."

அவரை என்ன சொல்ல? சொன்னதை அப்படியே கேட்டிருக்கிறார். ஊசி போட்ட இடம் வீங்கினால் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்காத வீடு இந்தப் பக்கத்தில் உண்டா?

ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கிய மயக்கம் அது. சர்க்கரையை அவர் ஈறில் தடவிக்கொண்டே ஆம்புலன்ஸில் தருமபுரிக்குக் கொண்டுபோனோம். குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தார். சற்று நேரத்தில் மறுபடியும் மயங்கினார். ஒரு மாதத்துக்கான மருந்து மொத்தமும் ரத்தத்தில் கலந்துகொண்டிருந்தது. மதியத்துக்கு மேல்தான் என்னை அடையாளம் தெரிந்தது. அண்ணி வராந்தாவில் அழுதுகொண்டிருந்தார். உப்புப் பொட்டணம் இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

அதைப் பார்த்ததும், இன்னும் எந்த வீட்டில் இப்படி ஒத்தடம் நடக்கிறதோ என்று தோன்றியது. ஊசி போட்ட மருத்துவமனைக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன். இந்த ஊசி இந்த மாவட்டத்தில் வேறு யாருக்காவது போட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். வத்தல்மலையில் ஒருவருக்கு என்றார்கள். அவரை அழைத்துவிட்டு மறுபடி என்னிடம் பேசினார்கள். மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை என்றார்கள்.

"அவருக்கு வலி, வீக்கம் ஏதாவது இருந்ததா?"

"காலையில் போன் செய்து அப்படித்தான் சொன்னார். பயப்படாதீர்கள், தேய்க்காமல் மட்டும் இருங்கள் என்று சொல்லியிருக்கிறோம்."