சிராஜ் கண்ணுக்கு இரண்டு ரெட்

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் சிராஜுக்கு இமை சரிய ஆரம்பித்ததும், அவர் குடிக்கத் தொடங்கிவிட்டார் என்று அந்தச் சந்து முழுக்க முடிவு கட்டியது. சாயங்காலமானால் சோறு மெல்லத் தாடை மக்கர் செய்யும். ஒரு ஊசி இரண்டாகத் தெரியும். ஆஸ்பத்திரியில் அதற்கு மயஸ்தீனியா என்று பெயர் சொன்னார்கள்.

டாக்டர் சொன்னதை மனைவி சபாவிடம் தன் பாணியில் விளக்கினார். நரம்பு தசைக்குச் சீட்டு அனுப்புகிறது. அதை வாங்கும் ஆட்கள் குறைந்துபோனார்கள். இருப்பவர்கள் படிப்பதற்குள் ஒரு நொதி வந்து பெருக்கித் தள்ளிவிடுகிறது. பைரிடோஸ்டிக்மின் மாத்திரை அந்த நொதியைச் சாயாக் கடைக்கு இழுத்துப்போய் மூன்று நாலு மணி நேரம் பேச்சுக் கொடுக்கும். பிறகு விட்டுவிடும், அதுவும் துடைப்பத்தோடு வேலைக்குத் திரும்பிவிடும். அளவுக்கு மீறிப் பிடித்துவைத்தாலும் வம்புதான். ஒருநாள் ஆசைப்பட்டு இரட்டிப்பாகப் போட்டுக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி பொதுக் கழிப்பறை வரிசையிலேயே பகலைக் கழித்தார்.

இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். தினமும் எதிரே உட்கார்ந்து கேரம் ஆடும் கூட்டாளி பிச்சையா, நோயாளி என்று இரக்கப்பட்டு ஒரு மாதமாக வேண்டுமென்றே தன்னிடம் தோற்கிறாரோ என்ற சந்தேகத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நடக்கும் கேரம் பந்தயத்தின் இறுதிப் போட்டியில் அந்த மனிதரை நிஜமாகவே ஜெயித்தாக வேண்டும்.

போட்டி பதினொரு மணிக்கு. மருந்து ஏற முக்கால் மணி நேரம் என்று கணக்குப் போட்டு, பத்தேகாலுக்கு மாத்திரை போட்டார். பம்பாயிலேயே நரைத்தவர் செய்யக்கூடாத தப்பு அது: நோட்டீஸில் அச்சடித்த நேரத்தை நம்பிவிட்டார். தலைமை தாங்கும் பிரமுகர் ஒன்றரைக்கு வந்து, மாலை வாங்கி, விளையாட்டின் பெருமையைப் பேசி முடித்தபோது மணி இரண்டு. நேரமாகிவிட்டதென்று ஆட்டத்தை ஒரே போர்டாக, ஒரே சுற்றாகச் சுருக்கினார்கள். சிராஜ் அடுத்த வேளை மாத்திரையை விழுங்கினார். ஆனால் அது ஏறுவதற்குள் கடைசிக் காய்கள் வந்துவிட்டன.

பலகையில் இருந்தது ஒரே சிவப்புக் காய்; அவர் கண்ணுக்கு இரண்டு ரெட். எதை அடிப்பதென்று திணறும்போது இடது இமை தானாகவே இறங்கி மூடிக்கொண்டது. ரெட் ஒன்றாகிவிட்டது. இத்தனை நாள் மானத்தை வாங்கிய இமை அது. ஸ்ட்ரைக்கரைச் சுண்டினார். ரெட் விழுந்தது, அடுத்த அடியில் அதற்குக் கவராகப் போட வேண்டிய கடைசிக் காயும் விழுந்தது. ஆட்டம் சிராஜுக்கு.

பிச்சையா முகம் சிவக்க எழுந்தார்.

"இது செல்லாது அம்பயரே. சீக்கு கீக்குன்னு சொல்லிக்கிட்டு, கண்ணடிச்சு எங் கவனத்தக் கெடுத்துட்டாரு. மணிக்கட்டு வலியோட ஒரு மாசமாத் தோத்துக்கிட்டு கெடக்கேன். இன்னைக்காவது இந்த ஆள மண்ணக் கவ்வ வைக்கலாம்னு வந்தேம்லா."

சிராஜுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"நல்லாத் திட்டும் வே," என்றார். "இன்னும் கொஞ்சம் திட்டும்."